பொழுதோட வரச் சொன்னார்

வேண்டாம் ஐயா, தண்ணீர் என்னிடமே இருக்கிறது. தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் நீட்டுவதை வாங்கிக் குடிப்பதில்லை என்பது என் வழக்கம். உங்களைக் குறித்துச் சொல்லவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்தால் நல்லவராகவே தெரிகிறது. ஆனால் நல்லவராகத் தெரிந்த முகங்களை நான் மிக அருகில் இருந்து பார்த்தவன். முன்சீப் நீதிமன்றத்தில் பெஞ்சு கிளார்க்காக இருந்து, சிரஸ்தாராக உயர்ந்து, ஓய்வு பெற்றேன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பெயர் ஆவுடைநாயகம். சாட்சிக் கூண்டுக்கும் என் மேசைக்கும் நடுவே ஒரு கை நீளம்தான் இடைவெளி. பொய் சொல்லப் போகிறவன் எச்சில் விழுங்குவது நீதிபதிக்குக் கேட்காது. எனக்குக் கேட்கும்.

இப்போது எனக்குத் தண்ணீர்தான் வேலை. சிரிக்காதீர்கள். என் மருமகன் லோகநாதன் தாராபுரத்தில் பிரஷர் வாஷ் தொழில் செய்கிறார். மண்டபம், பெட்ரோல் பங்க், அரிசி ஆலை முற்றம், கடை முகப்பு எதுவானாலும் இயந்திரத்தை வைத்துத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவித் தருவார். பல ஆண்டு அழுக்கு ஒரு முற்பகலில் போய்விடும். ஆனால் அந்த இயந்திரம் குடிக்கிற தண்ணீருக்கு அளவில்லை. நடுவில் தண்ணீர் நின்றால் பம்ப்பு கருகிவிடும். கழுவ வேண்டிய இடத்தில் தண்ணீர் இருக்கும் என்று நம்பிப் போகவும் முடியாது. இருந்தால் அழுக்கே சேர்ந்திருக்காதே. ஆகவே ஒவ்வோர் இடத்திலும் தற்காலிகமாக ஒரு நீராதாரம் பார்க்க வேண்டும். யாருடைய கிணறு, யாருடைய குழாய், எப்போது தருவார்கள், எந்த நோக்கத்தில் தருவார்கள் என்றெல்லாம் விசாரிக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை மற்றவர்கள் விசாரிப்பதில்லை. நான் விசாரிப்பேன்.

என் மகள் காந்திமதிதான் இந்தப் பொறுப்பை எனக்குத் தரச் சொன்னாள். அவள் அம்மா இறந்த பிறகு நான் அவர்களோடுதான் இருக்கிறேன். மகள் வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறவன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது பாருங்கள். மருமகனும் ஒப்புக்கொண்டார். "தண்ணி உங்க பொறுப்புங்க மாமா, நான் அந்தப் பக்கமே திரும்ப மாட்டேன்" என்றார். அவர் கொங்கு நாட்டுக்காரர். காந்திமதி அவரைத் தானாகவே தேர்ந்தெடுத்துக்கொண்டாள். அந்தக் கல்யாணத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. விசாரிக்க அவகாசம் தரவில்லை என்பதைத் தவிர.

நான் சொல்ல வந்தது சென்னியப்பனைப் பற்றி.

தாராபுரம் சாலையில் ஒரு பெரிய கல்யாண மண்டபம் இருக்கிறது. தங்கமணி அம்மாள் என்பவருடையது. கணவர் போன பிறகு நான்கு மண்டபங்களை ஒற்றை ஆளாக நடத்துகிற அம்மாள். ஆடி மாதம் முழுவதும் மண்டபம் பூட்டிக் கிடந்தது. ஆவணி முதல் முகூர்த்தத்துக்குள் முகப்புப் படிகளையும் வண்டி நிறுத்துமிடத்தையும் கழுவித் தர வேண்டும். படிகள் கறுப்புக் கிரானைட்டு. மேலே புறா எச்சம், கீழே எண்ணெய்க் கறை. "இது நல்லா வந்துதுன்னா மீதி மூணையும் உனக்கே உட்டுடறேன்" என்று அந்த அம்மாள் மருமகனிடம் சொல்லியிருந்தார். மில் வேலையை விட்டுவிட்டு இயந்திரம் வாங்கியவர் மருமகன். இந்த நான்கு மண்டபங்கள் கிடைத்தால் தொழில் நிற்கும், இல்லாவிட்டால் மறுபடியும் மில் வாசலில் போய் நிற்க வேண்டும். காந்திமதி அந்த வாரம் முழுவதும் சாமி படத்துக்கு முன்னால் நின்ற நேரம் அதிகம்.

மண்டபத்து ஆழ்துளைக் கிணறு சேறு கக்குகிறது. ஆனால் சாலைக்கு எதிர்ப்புறத்தில் ஒரு தென்னந்தோப்பு, அதற்குள் வட்டக் கிணறு. அதன் சொந்தக்காரர்தான் சென்னியப்பன். ஐம்பது வயதிருக்கும், வெள்ளை வேட்டி, தோளில் பச்சைத் துண்டு. நான் போய்க் கேட்டதும் கயிற்றுக் கட்டிலைத் துடைத்து உட்காரச் சொன்னார். இளநீர் வெட்டினார். குறித்துக்கொள்ளுங்கள், இளநீர் வேண்டுமென்று நான் கேட்கும் முன்பே வெட்டினார்.

"தண்ணிக்கு என்னங்க வந்துது? கெணறு நெறையக் கெடக்குது. நாளைக்குப் பொழுதோட வாங்க, மோட்டாரப் போட்டு உடறேன். எத்தன வேணுமோ புடிச்சுக்கங்க" என்றார்.

இதற்கு நாங்கள் என்ன தர வேண்டும் என்று கேட்டேன்.

"அட, அதெல்லாம் ஒண்ணும் வேண்டாமுங்க. தண்ணிக்கு வெல பேசுனா நல்லாருக்குமுங்களா?"

அந்த இடத்தில்தான் ஐயா, எனக்கு முதல் ஐயம் தோன்றியது. ஒருவன் ஒரு பொருளைத் தருகிறான், பதிலுக்கு எதுவும் கேட்கவில்லை. பிரதிபலன் இல்லாத ஒப்பந்தம் சட்டப்படி நிற்காது. நிற்காத ஒப்பந்தத்தைச் சிரித்த முகத்தோடு செய்கிறவன், அது நிற்காது என்று தெரிந்துதானே செய்கிறான்? நான் குற்றம் சாட்டவில்லை. குறித்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

ஆகவே என் பையிலிருந்து முத்திரைத்தாளை எடுத்தேன். முன்னதாகவே எழுதி வைத்திருந்தேன். 'மேற்படி கிணற்றின் மேற்படி நீரை எவருடைய தூண்டுதலும் நிர்ப்பந்தமும் இன்றி, பின்னர் எவ்வித உரிமையும் கோராமல்' என்று ஒரு பக்கம். அவர் அதை வாங்கிக் கண்ணுக்கு அருகே பிடித்துப் பார்த்தார்.

"பத்தரமுங்களா? தண்ணி குடுக்கறதுக்கா?"

"ஒரு நடைமுறைதான்."

"எங்கப்பன் பூமிய எழுதி வெச்சப்பக்கூட இத்தன எழுத்து இல்லீங்களே" என்று சிரித்தார். தாளை மடித்து என் கையிலேயே வைத்தார். "கோவிச்சுக்காதீங்க. நான் கையெழுத்துப் போட்டா தண்ணி இனிக்கவா போகுது? நீங்க பொழுதோட வாங்க."

கையெழுத்துப் போட மறுத்தார். பொழுதோட வரச் சொன்னார். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

மறுநாள் மருமகன் இயந்திரத்தில் தண்ணீர் பீய்ச்சும் நாசில் ஒன்று வாங்குவதற்காகக் கோயம்புத்தூர் போயிருந்தார். மதியத்துக்குள் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். நான் வேலையாட்கள் இருவரையும், ஆயிரம் லிட்டர்த் தொட்டி ஏற்றிய வண்டியையும் அழைத்துக்கொண்டு வெளிச்சம் வரும் முன்பே தோப்பு வாசலுக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் பொழுதோடு வா என்றால் நேரத்தோடு வா, தாமதம் செய்யாதே என்று பொருள். நான் தாமதம் செய்கிறவன் அல்லன்.

வாசல் பூட்டிக் கிடந்தது. மோட்டார் அறையும் பூட்டிக் கிடந்தது.

காவல்காரர் துண்டை உதறிக்கொண்டு வந்தார். சென்னியப்பன் எங்கே என்றேன். "அவுரு பொழுதோடதானுங்க வருவாரு" என்றார். சரி, வந்துவிடுவார் என்று நின்றேன். சூரியன் தென்னை உச்சிக்கு வந்தது. ஆளைக் காணவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அவர் மனைவி கோலப்பொடிக் கையோடு எட்டிப் பார்த்து, "சந்தைக்குப் போயிட்டாங்களே. பொழுதோடதான் வருவாங்க" என்றார். திரும்பி வரும் வழியில் தேநீர்க் கடைக்காரரை விசாரித்தேன். அவர் ஆற்றிக்கொண்டே, "சென்னியப்பண்ணனுங்களா? பொழுதோட இங்கதான் வந்து டீ குடிப்பாரு, அப்பப் புடிச்சுக்கலாம்" என்றார்.

மூன்று பேர், ஐயா. ஒருவர் காவல்காரர், ஒருவர் மனைவி, ஒருவர் அந்நியர். மூவருக்கும் வாயில் ஒரே சொல். உங்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. என் அனுபவத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். உண்மையைப் பார்த்த மூன்று பேர் ஒரு நாளும் ஒரே மாதிரி சொல்ல மாட்டார்கள். ஒருவர் சிவப்புச் சட்டை என்பார், ஒருவர் காவி என்பார், ஒருவர் சட்டையே இல்லை என்பார். உண்மை அப்படித்தான் சிதறி வரும். மூன்று வாயிலிருந்தும் ஒரு சொல் எழுத்து மாறாமல் வந்தால், அது யாரோ உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தது. வருவார் வருவார் என்று என்னை வாசலில் நிறுத்தி வைப்பதற்கு முன்னேற்பாடாகக் கற்பித்த சொல்.

என்னுடன் வந்த வேலையாட்களில் ஒருவன் மூடிய வாய்க்குள் சிரித்தான். "ஏனுங்கய்யா, பொழுதோடன்னா..." என்று ஏதோ ஆரம்பித்தான். உன்னைச் சாட்சியாக அழைக்கவில்லை என்றேன். அடங்கிவிட்டான்.

இனி காத்திருக்க முடியாது என்று டேங்கர் லாரி வைத்திருக்கும் ஜெகதீசன் என்பவரைப் பிடித்தேன். அவரை விசாரித்த விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எங்கே எடுக்கிறீர்கள், யாருடைய நிலம், எத்தனை அடி ஆழம், எத்தனை காலமாக எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். பிறகு பேச்சை மாற்றி அதே கேள்விகளைத் தலைகீழாகக் கேட்டேன். ஒரு பதிலும் மாறவில்லை. "குடிக்க ஆகாதுங்க, கழுவறதுக்குத்தான்" என்பதையும் அவரே சொன்னார். மறைக்கவில்லை. முத்திரைத்தாளை நீட்டினேன். படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். மடியில் கனமில்லாதவர் போல அவ்வளவு இலகுவாகப் போட்டார். எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

வேலை நடந்தது. புறா எச்சம் போயிற்று. எண்ணெய்க் கறையும் போயிற்று. மதியம் மருமகன் வந்தபோது படிகள் ஈரமாகப் பளபளத்தன. அவர் முகத்தில் நான் அப்படி ஒரு நிம்மதியைப் பார்த்ததில்லை. "நல்லாருக்குதுங்க மாமா" என்றார். காந்திமதி எல்லோருக்கும் சாப்பாடு கொண்டுவந்தாள். எனக்கு முதலில் பரிமாறினாள்.

பிறகு வெயில் ஏறியது. படிகள் காய்ந்தன. காயக் காய வெள்ளை பூத்தது. முதலில் ஓரங்களில், பிறகு நடுவில், பிறகு படி முழுவதும் தேமல் போலத் திட்டுத் திட்டாகப் படர்ந்தது. டேங்கர் தண்ணீரில் அவ்வளவு உப்பாம். மருமகன் குனிந்து விரலால் தேய்த்து நாக்கில் வைத்துப் பார்த்தார். துப்பிவிட்டு டேங்கர் நின்ற இடத்தைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துத் தங்கமணி அம்மாளின் கார் வந்து நின்றது. இறங்கிய அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஏன் லோகநாதா, நான் கழுவச் சொன்னனா, வெள்ளையடிக்கச் சொன்னனா?"

மருமகன் ஒரு துணியை எடுத்துப் படியைத் துடைக்கத் தொடங்கினார்.

"நாளன்னிக்குப் பொண்ணும் மாப்பிள்ளையும் இந்தப் படியிலயா ஏறோணும்? பாத்தா சாம்ப கொட்டுன மாதிரி இருக்குது. நாளைக்குக் காத்தால வந்து பாப்பேன். இப்படியே இருந்துதுன்னா மீதி மூணையும் மறந்துடு."

காந்திமதி பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். என்ன ஆயிற்று, தோப்புக் கிணற்றுத் தண்ணீர் ஏன் வரவில்லை என்று என்னிடம் கேட்டாள். நான் நடந்ததை வரிசையாகச் சொன்னேன். முடிக்க விடவில்லை. "அப்பா, இந்த ஊர்ல பொழுதோடன்னா சாயங்காலம்ப்பா. பொழுது சாயற நேரம். ராத்திரி பூரா அவங்க தோப்புக்குப் பாயும், காத்தால கெணறு வத்திக் கெடக்கும். பொழுதோடதான் ஊறி நிக்கும். எல்லாரும் உங்ககிட்ட அதத்தானே சொல்லிருக்காங்க" என்றாள்.

இந்த விளக்கத்தைக் கவனியுங்கள் ஐயா. காரியம் கெட்ட பிறகு வருகிற விளக்கம். நீதிமன்றத்தில் இதற்குப் பின்யோசனை என்று பெயர். அதோடு, அவள் நடுநிலையான சாட்சியும் அல்லள். எட்டு ஆண்டுகளாக அந்த மண்ணில் வாழ்கிறாள். காலையில் என்பதைக் காத்தால என்கிறாள். போன மாதம் பெற்ற தகப்பனிடமே "ஏனுங்கப்பா" என்றாள். ஒரு சொல்லுக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பொருள், இந்தப் பக்கம் வேறு பொருள் என்று ஆகிவிட்டால் பிறகு வாக்குமூலம் எழுதி என்ன பயன்? நான் அப்படித்தான் அவளிடம் கேட்டேன். அவள் மறுபடி பாத்திரங்களை அடுக்கத் தொடங்கினாள்.

வெயில் இறங்கும் நேரத்தில் மொபெட்டு ஒன்று வந்தது. பின்னால் ஒரு பெரிய ஹோஸ் சுருள். ஓட்டி வந்தவர் சென்னியப்பன்.

"ஏனுங்கய்யா, பொழுதோட வாங்கன்னு சொல்லிப்போட்டு நான் கெணத்தடியிலயே நிக்கறன். ஆளக் காணமேன்னு ஹோச எடுத்துட்டு நானே வந்துட்டனுங்க. ரோட்டுல இருக்கற சின்னப் பாலத்துக்கு அடில உட்டா இந்தப் பக்கம் வந்துரும்" என்றார். பிறகு படியைப் பார்த்தார். "ஐயோ சாமி, எந்தத் தண்ணிய ஊத்துனீங்க?"

நான் விடுவதாக இல்லை. எல்லார் முன்னிலையிலும் கேட்டேன். காலை முழுவதும் எங்கே இருந்தீர்கள்? சந்தையில் என்றார். சந்தையில் உங்களைப் பார்த்தவர் யார்? "மாடுதானுங்க பாத்துது" என்றார். வேலையாட்கள் சிரித்தார்கள். டேங்கர் ஜெகதீசனை உங்களுக்குத் தெரியுமா என்றேன். "தெரியாம என்னங்க, ஒரே ஊரு" என்றார். ஒப்புக்கொண்டார், கவனித்தீர்களா? ஆக, நல்ல தண்ணீரைப் பூட்டி வைத்து, என்னைக் காக்க வைத்து, தெரிந்தவருடைய உப்புத் தண்ணீரை வாங்கச் செய்து, படி கெட்ட பிறகு காப்பாற்றுகிறவராக வந்து நிற்கிறீர்கள், இதனால் உங்களுக்கு வரப்போகிற பயன் என்ன என்று நேரடியாகவே கேட்டேன்.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. வண்டியில் இருந்த சுருளை இறக்கித் தரையில் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. மருமகனைப் பார்த்தார்.

"தம்பி, தண்ணி வேணுமா வேண்டாமா? அத மட்டும் சொல்லு."

"வேணுமுங்கண்ணா" என்றார் மருமகன். அந்த மூன்றாம் மனிதரிடம் அப்படிக் கை கூப்பினார். பிறகு என் பக்கம் திரும்பாமலேயே, "காந்தி, அப்பாவ ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போ. வெயில்ல நின்னிருக்காங்க" என்றார். என் உடல்நலத்தில் அவருக்கு எப்போதும் அக்கறை.

ஆகவே மீதியை நான் நேரில் பார்க்கவில்லை. பார்க்காததைச் சொல்வதில்லை. மறுநாள் படிகளைப் பார்த்தேன். முகம் தெரிகிற அளவுக்குக் கறுத்து மின்னின. ஏதோ திரவத்தைத் தேய்த்து, கிணற்றுத் தண்ணீரை விட்டு விட்டு அலசினார்களாம். தங்கமணி அம்மாள் நான்கு மண்டபங்களையும் மருமகனுக்கே கொடுத்துவிட்டார். எல்லோரும் சென்னியப்பனால் நடந்தது என்கிறார்கள். அதைத்தானே அவர் எதிர்பார்த்தார்?

அவருக்கு வந்த பயன் என்ன என்று கேட்பீர்கள். அதைத்தான் நான் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை ஒன்றும் பெற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. அதுவே எனக்கு உறுத்துகிறது. அவ்வளவு பொறுமையாக ஒருவன் காத்திருக்கிறான் என்றால் எதிர்பார்ப்பது சிறியதாக இருக்காது. காந்திமதியிடம் சொன்னால், "விடுங்கப்பா" என்கிறாள்.

அதற்குப் பிறகு என் பொறுப்பு கூடியிருக்கிறது. முன்பு உள்ளூரில் மட்டும் பார்த்தேன். இப்போது மருமகன் வெளியூர்களுக்கு அனுப்புகிறார். இன்றுகூடக் கரட்டுவலசில் ஒரு கிணறு இருக்கிறதாம். "நீங்க போய்த் தோட்டக்காரர நல்லா விசாரிங்க மாமா, அவசரமில்ல" என்றார் மருமகன். சென்ற வாரம் மூலனூர்ப் பக்கம். அதற்கு முன்வாரம் இன்னும் தள்ளி. நான் விசாரித்துத் தந்த கிணறுகளில் ஒன்றிலும் இன்னும் குழாய் இறக்கவில்லை. அவர் நிதானமானவர், எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொண்டு பிறகு தொடங்குவார் என்று நினைக்கிறேன். நான் புறப்படும் நாட்களில்தான் உள்ளூரில் மண்டப வேலைகள் வந்து விழுகின்றன. தற்செயல். திரும்பி வந்தால் வேலையாட்களின் துணிகள் ஈரமாகக் கொடியில் தொங்கும். தண்ணீருக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டால், "எப்படியோ கெடச்சுது மாமா" என்பார்.

இந்தப் பாட்டிலா? வீட்டிலிருந்து கொண்டுவந்தது. காந்திமதி நிரப்பித் தருவாள். ஒரு மாதமாகத் தனியாக ஒரு குடத்தில் வருகிறது, மருமகன் வண்டியில். குடித்துப் பாருங்கள், பயப்படாதீர்கள், நான் நம்பிக்கையான ஆள். எப்படி? திருநெல்வேலியை விட்டு வந்த பிறகு இப்படித் தித்திக்கிற தண்ணீரை நான் குடிக்கவில்லை. எந்த இடத்துத் தண்ணீர் என்று கேட்டால் அவள் சிரித்துக்கொண்டே அடுப்படிக்குள் போய்விடுகிறாள். மகள் கையால் தருவதை விசாரிக்க வேண்டியதில்லை என்று நானும் விட்டுவிட்டேன்.

கரட்டுவலசு வந்துவிட்டதா? நீங்களும் இங்கேதான் இறங்குகிறீர்களா? நல்லது. இந்த ஊர்க்காரர் என்று முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஒன்று மட்டும் சொல்லுங்கள். விசாரணை முடிந்து நான் தாராபுரம் திரும்ப வேண்டும். இனி அடுத்த பேருந்து எப்போது?

என்ன சொன்னீர்கள்?

இல்லை, எனக்கு நன்றாகக் காது கேட்கிறது. இன்னொரு முறை சொல்லுங்கள், எழுத்து மாறாமல்.

பொழுதோடதானா?

சற்று நில்லுங்கள் ஐயா. உங்கள் பெயர் என்ன? இந்த இருக்கையில் உங்களை உட்காரச் சொன்னது யார்? சென்னியப்பன் உங்களுக்கு என்ன உறவு?